உங்கள் வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை

ஜூன் 3

இந்த டைரியை வாங்கி வந்தது பூபதி. ஆப் செய்கிறவர்கள் அன்றன்றைக்கு நடந்ததை எழுதி வைக்க வேண்டுமாம். பின்னாளில் பேட்டி எடுக்க வருவார்களாம், அப்போது தேதி கேட்பார்களாம். ஆப்பில் இன்னும் ஒரு பட்டன்கூட ஒழுங்காக அமுங்கவில்லை, அதற்குள் இவன் பேட்டிக்குத் தயார். என் வீட்டுக்காரனுக்கு வேலை தண்ணீர் மோட்டார் விற்பது. கிணறே இல்லாத தோட்டத்துக்கும் மோட்டார் விற்றுவிட்டு வரக்கூடியவன். கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்த நாளிலிருந்து அவனிடம் பேசி நான் ஜெயித்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆப்பின் பெயர் 'விசேஷம்'. கல்யாணம், காதுகுத்து, புதுவீடு என்று வருகிற பத்திரிகையைப் போனில் படம் எடுத்தால் போதும். தேதி, மண்டபம், ஊர் எல்லாவற்றையும் அதுவே படித்து வைத்துக்கொண்டு, பத்து நாளுக்கு முன்னால் ஒரு தடவையும் முந்தின நாள் ஒரு தடவையும் ஞாபகப்படுத்தும். யோசனை அவனுடையது. உட்கார்ந்து எழுதுகிற தலைவிதி என்னுடையது.

யோசனை வந்த கதையையும் எழுதிவிடுகிறேன், பேட்டிக்கு உதவும். பங்குனியில் பூபதியின் பெரியம்மா குன்னத்தூரிலிருந்து கோயமுத்தூர் வரைக்கும் வந்து, தட்டில் குங்குமம் வைத்துப் பேரனின் காதுகுத்துப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் மறந்துவிட்டோம். பெரியம்மா ஒரு மாதம் பேசவில்லை. பத்திரிகை சித்திரையில் மைக்ரோவேவுக்கு அடியில் கிடைத்தது. அது எப்படி அங்கே போனது என்று பூபதி கேட்கவில்லை. நல்லவேளை.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஐடி வேலையைச் சித்திரையிலேயே விட்டுவிட்டேன். லீவு கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. எதற்கு லீவு என்பதெல்லாம் இந்த டைரிக்குத் தேவையில்லை.

ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் ஆப் வெளியே வந்துவிட வேண்டும். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்து, சேர்ந்து முடித்தது என்று ஒன்றாவது இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூன் 9

ஆப்பில் வரும் வாசகங்களை எழுதும் பொறுப்பு பூபதிக்கு. தமிழ் அவனுக்கு நன்றாக வரும். ஆனால் சுருக்கமாக வராது. 'பத்திரிகையைப் படம் எடுக்கவும்' என்று எழுதிக் கொடுத்தான். பட்டனில் இடம் போதாமல் 'பத்திரிகையைப் படம் எடு' என்பதோடு நின்றுவிட்டது.

"என்ன தேனு, எடுன்னு ஏவுது? எங்க பெரியம்மா பாத்தா போனத் தூக்கி எறிஞ்சிரும்."

"பட்டன் இவ்வளவுதான் இருக்கும். சின்னதா எழுது."

"மரியாதை வேணும்ல."

"மரியாதை வெச்சா பட்டன் நீண்டு தேதிய மறைச்சிரும். எது வேணும், சொல்லு."

கடைசியில் வெறும் 'படம்' என்று வைத்தோம். அதற்கு ஒரு மணி நேரம்.

விசேஷம் எதுவும் சேர்க்காமல் ஆப்பைத் திறந்தால் திரை காலியாக இருக்குமே, அங்கே ஏதாவது எழுது என்றேன். உடனே எழுதிக் கொடுத்தான்: 'உங்கள் வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை.' இரண்டு வரியில் ஒழுங்காக உட்கார்ந்தது. சரி என்று போட்டுவிட்டேன். இன்றைக்குத் தகராறு இல்லாமல் முடிந்தது அது ஒன்றுதான்.

ஜூன் 17

மாவு புளித்துவிட்டது. ஆப் திறந்த உடனே தானாக மூடிக்கொள்கிறது. இரண்டுக்கும் காரணம் தெரியவில்லை.

ஜூன் 24

ஆப் இப்போது மூடிக்கொள்வதில்லை. ஆனால் ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் போனிலிருந்து அழித்துவிட்டு, புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. புதிதாகப் போட்டால் திரை காலி. காலியாக இருந்தால் அந்த வரி.

அந்த வரியின் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தது. சிறிதாக்கினேன். கறுப்பு கண்ணை உறுத்தியது, சாம்பல் நிறம் கொடுத்தேன். அப்புறம் இன்னும் வெளிறிய சாம்பல். நடுவில் இருந்ததை இறக்கித் திரைக்கு அடியில் வைத்தேன்.

பூபதி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "படிக்கவே முடியலியே தேனு" என்றான்.

"படிக்க என்ன இருக்குது அதுல?"

"பின்ன எதுக்கு எழுதச் சொன்ன?"

அழகு என்றால் என்னவென்று மோட்டார் விற்கிறவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஜூலை 2

இன்று நன்றாகச் சண்டை. பூபதியின் போனிலும் ஆப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், நிஜப் பத்திரிகைகளைச் சேர்த்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லி. இன்று வாங்கிப் பார்த்தால் அதில் ஒரு பத்திரிகைகூட இல்லை. எல்லாம் கையால் அடித்துச் சேர்த்த குப்பை. 'வெள்ளி: சிலிண்டர் வரும்.' 'சனி: அவிநாசிக்கு மோட்டார் டெலிவரி.' 'ஞாயிறு: பூபதி பஜ்ஜி போடுவான்.' இதெல்லாம் விசேஷமா?

"நான் நாள் முழுக்க உக்காந்து பண்றேன். நீ வெளையாடிட்டு இருக்க."

"சும்மா போட்டுப் பாத்தேன்."

"இப்படிக் குப்பை போட்டா எது சரியா வேலை செய்யுதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜியும் போடமாட்டான், எனக்குத் தெரியும்.

ஜூலை 8

காலையில் ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். முட்டைத் தட்டுக்குப் பின்னால் அந்த ஊசி டப்பா இன்னும் இருக்கிறது. எடுத்துப் போட்டுவிடலாம் என்று கையில் எடுத்தேன். அதற்குள் சிலிண்டர்காரர் மணியடித்துவிட்டார். திரும்ப வைத்து, முன்னால் கறிவேப்பிலைக் கட்டை வைத்தேன்.

பூபதியின் போனில் மறுபடியும் குப்பை. 'செவ்வாய்: சிலிண்டர் வந்தாச்சு.' வந்த பிறகு எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்? அழித்தேன்.

ஜூலை 15

பத்திரிகையைப் படிக்கும் பகுதி வேலை செய்கிறது. 'வேலை செய்கிறது' என்றுதான் பூபதி மோட்டார் கடையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். நடந்தது என்னவென்றால், ஒரு கல்யாணப் பத்திரிகையைக் காட்டினோம். மேலே முதல் வரியில் மாப்பிள்ளையின் தாத்தா பெயர், முன்னால் 'அமரர்' என்று போட்டு. எங்கள் ஆப் அதைப் பார்த்து, 'மணமகன்: அமரர் பழனிச்சாமி. வாழ்த்துகள்!' என்று பூத் தூவிக் காட்டியது.

பூபதி தரையில் உட்கார்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைத் திருத்த இரண்டு நாள் ஆகும். பிறகு கொஞ்சம் வந்தது.

ஜூலை 21

புதுத் தொல்லை. ஆப்பை எல்லோருக்கும் திறந்துவிடுவதற்கு முன்னால், தெரிந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு வாரமாவது அதைப் போனில் வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டுமாம், ஸ்டோரின் விதி. அத்தனை பேருக்கு எங்கே போவது? என் பழைய ஆபீஸ்காரர்களிடம் கேட்கமாட்டேன். எதற்கு வேலையை விட்டாய் என்று ஆரம்பிப்பார்கள்.

"சொந்தக்காரங்க எதுக்கு இருக்காங்க? குரூப்ல ஒரு மெசேஜ் போட்டா முடிஞ்சுது" என்றான் பூபதி. இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது, எங்கள் கல்யாணத்துக்கு என்று ஆரம்பித்தது. இதுவரை காலை வணக்கம் தவிர ஒன்றுக்கும் உதவாத குழு.

எழுதிக் காட்டினான். இப்போதே எல்லாவற்றையும் சொல்லக் கூடாதாம், முதலில் ஆர்வத்தைக் கிளப்ப வேண்டுமாம், மறுநாள் விவரம் சொல்ல வேண்டுமாம். விற்பனைத் தந்திரம். நானும் படித்துப் பார்த்தேன். 'மறைக்க' என்பதில் ஒரு எழுத்து விட்டிருந்தது, அதைத் திருத்திக் கொடுத்தேன். போய்விட்டது:

'அன்புச் சொந்தங்களே, மூன்று மாதம் ஆகிவிட்டது, இனிமேல் மறைக்க வேண்டியதில்லை. எங்கள் விசேஷத்தை முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறோம். உங்கள் எல்லோருடைய ஆசியும் வேண்டும். விவரம் நாளை. தேன்மொழி, பூபதி.'

ஜூலை 22

காலையில் எழுந்து போனைப் பார்த்தால் குழுவில் வாழ்த்து கொட்டிக் கிடக்கிறது. பூங்கொத்து, தொட்டில், கையெடுத்துக் கும்பிடும் படங்கள். 'முருகன் கண்ணைத் திறந்துட்டான்.' 'எனக்கு அப்பவே தெரியும், அவ முகத்துலயே தெரிஞ்சுது.' 'மாடிப்படி ஏறாத தேனு.' குன்னத்தூர் பெரியம்மா குரல்பதிவு அனுப்பியிருந்தார். அதில் பாதி அழுகை.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. ஆப்புக்கு எதற்குத் தொட்டில் என்று நினைத்தேன். அந்த மெசேஜை நான்கு தடவை படித்த பிறகுதான் உறைத்தது.

'விசேஷம்', 'விசேஷம்' என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி, எங்களுக்கு அது ஆப்பின் பெயராக மட்டும் ஆகிவிட்டது. கல்யாணமாகி ஆறு வருடம் ஆனவள் வாயிலிருந்து வந்தால் அதற்கு ஊரில் என்ன அர்த்தம் என்று மறந்தே போனோம். ஊரில் ஒருத்தரும் மறக்கவில்லை. மூன்று மாதமாம், மறைக்க வேண்டியதில்லையாம், ஆசி வேண்டுமாம்! நானே திருத்திக் கொடுத்தேன். நானே!

"நீ எழுதினது" என்றேன். "நீ படிச்சுப் பாத்தது" என்றான். அதற்கு மேல் சண்டை போடவும் எங்களுக்குத் தெம்பு இல்லை.

பூபதி குழுவில் விளக்கம் போட்டான். 'மன்னிக்கவும். விசேஷம் என்பது நாங்கள் செய்திருக்கும் ஆப்பின் பெயர்.' அப்புறம் குழுவில் ஒரு சத்தம் இல்லை. காலை வணக்கம்கூட நின்றுபோனது. போன் செய்தவர்களுக்கெல்லாம் நான்தான் எடுத்துச் சொன்னேன். விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லீங், இல்லீங், அது இல்லீங். பகல் முழுக்க இதே பேச்சு. சாயங்காலம் தொண்டை கட்டிக்கொண்டது.

ஜூலை 23

எல்லோருக்கும் சொன்னேன், என் அம்மாவுக்குச் சொல்ல விட்டுப்போயிற்று. விட்டுப்போயிற்று என்றுதான் எழுதியிருக்கிறேன், அப்படியே இருக்கட்டும். அம்மா காங்கேயத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார். குழுவில் வாழ்த்து மட்டும்தான் பார்த்திருக்கிறார், அதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். தோட்டத்து மாங்காய் ஒரு பை. இன்னொரு பையில் புதுப் பருத்திச் சேலை, பழசாகத் துவைத்துக் குழந்தைத் துணிக்குக் கிழித்துக்கொள்ள.

கதவைத் திறந்ததும் இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தார். "என்ற கண்ணு" என்றார்.

"அம்மா, அது இல்லம்மா."

"எது கண்ணு?"

"நாங்க போன்ல ஒண்ணு செஞ்சிருக்கோம். அதுக்குப் பேரு விசேஷம். அதத்தான் அவரு எழுதினாரு."

அம்மா என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற பூபதியைப் பார்த்தார். "செல்லுல வர்றதா?"

"ஆமாங்க அத்த" என்றான் பூபதி. இவ்வளவு மெதுவாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

"சரி சாமி. அதுவும் நல்லதுதான்."

அப்புறம் அம்மா சமையலறைக்குப் போய், மாங்காய் முழுவதையும் நறுக்கி, உப்பு மிளகாய்த்தூள் போட்டு ஊறுகாயாக்கி ஜாடியில் அடைத்தார். நான் கூடமாட நின்றேன். போகும்போது, "அந்த செல்லு சமாச்சாரத்த என்ற போனுலயும் போட்டுக் குடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். திறந்தார். எழுத்தைச் சிறிதாக்கியிருந்ததால் அவருக்குப் படிக்க முடியவில்லை. இந்த ஆப்பில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

சேலையை எடுத்துப்போக மறந்துவிட்டார். எனக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஜூலை 28

பாவம் பார்த்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆப்பைப் போட்டுக்கொண்டார்கள். ஸ்டோர் கேட்டதைவிட அதிகம் பேர். பூபதிக்குச் சந்தோஷம். "எப்புடியோ ஆள் சேந்துச்சுல்ல?" என்றான். அவனை அந்த இடத்திலேயே அறைந்திருப்பேன், கையில் தோசைக்கரண்டி இருந்தது, அதனால் விட்டேன்.

பெரியம்மா இன்னொரு குரல்பதிவு அனுப்பினார். "தேனு, மனசத் தளர விடாத சாமி. இப்போதைக்கு இந்த ஆப்பே உங்களுக்கு ஒரு கொழந்தைன்னு நெனச்சுக்கோங்க."

போனைச் சோபாவில் வீசினேன். ஆப் குழந்தை இல்லை. ஆப் ஆப்தான். மூன்று தடவை ஊசி போட்டு, இரண்டு தடவை கரு நிற்காமல், மூன்றாவதாகப் பங்குனியில் நின்ற மாதிரி நின்று ஏழாவது வாரத்தில் போனதே, அதற்குப் பதிலாக இது என்று யாராவது இனிமேல் சொன்னால் வீட்டுக்குள் விடமாட்டேன். எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். எழுதியாயிற்று.

ஆகஸ்ட் 5

காதுகுத்துப் பத்திரிகையையும் கல்யாணப் பத்திரிகையையும் ஆப் இப்போது பிரித்துக் கண்டுபிடிக்கிறது. கிடாவெட்டுப் பத்திரிகையில் மட்டும் மணமகன் யார் என்று கேட்கிறது. திருத்த வேண்டும்.

அழித்து, புதிதாகப் போட்டு, திறந்து, பார்த்து, மறுபடி அழித்து. பூபதி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குத் தேனு போன அப்புடிப் புடிக்கிற?"

"எப்புடி?"

"கட்ட வெரலு அடியில மறைக்குதே."

"வெளிச்சம் கண்ணுல அடிக்குது."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்தான். சர்க்கரை போட மறந்திருந்தான்.

ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. ஆப் வந்துவிட்டது. வெளியிடும் பட்டனை யார் அமுக்குவது என்று இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். கடைசியில் என் விரலைப் பிடித்து அவன் அமுக்கினான். அப்புறம் பேங்க் வரைக்கும் போய்விட்டு வருகிற மாதிரிச் சாதாரணமாக, அவன் மோட்டார் பார்க்கக் கிளம்பினான். நான் துணி காயப்போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 24

ஒரு வாரம். சொந்தக்காரர்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் பெயரில் ஒன்று, பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்துப் போடச் சொன்னாராம். வெளியாட்கள் சிலர் போட்டுப் பார்த்துவிட்டு அழித்திருக்கிறார்கள். ஏன் அழித்தார்கள் என்று தெரியவில்லை. பூபதி ஆளைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறானாம். "மோட்டார் வாங்கினா ஆப் இலவசம்" என்கிறான். ஆப்பே இலவசம்தான்.

ஆகஸ்ட் 30

காலையில் முதல் வெளியாள் விமர்சனம் வந்தது. ஒரு நட்சத்திரம். பெயர் ஜெ. சத்தியபாமா. அப்படியே எழுதி வைக்கிறேன்:

'பத்திரிகையெல்லாம் நல்லாத்தான் படிக்குது. ஆனா எங்களுக்கு எப்பவாச்சும்தான் பத்திரிகை வரும். மத்த நாள் எப்பத் திறந்தாலும் உங்கள் வீட்டில் விசேஷம் எதுவும் இல்லைன்னு சொல்லுது. எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். இதைச் சொல்றதுக்கு வீட்டுலயே ஆள் இருக்காங்க. போனும் சொல்லணுமா? எடுத்துட்டேன்.'

பூபதி படித்தான். இன்னொரு தடவை படித்துவிட்டுப் பதில் அடிக்க ஆரம்பித்தான். எட்டிப் பார்த்தேன். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி.' அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ.

"அந்த வரிய எழுதினது யாரு?"

"நாந்தான்."

"எழுதினப்ப என்ன எழுதறோம்னு பாத்தியா?"

"தேனு..."

"ஆப்ப அழிச்சு அழிச்சுப் போடறது யாரு? நான். ஒவ்வொரு தடவையும் மொதல்ல யார்கிட்டச் சொல்லுது? என்கிட்ட. ரெண்டரை மாசமா இந்த வீட்டுக்குள்ள உக்காந்து அதைப் படிச்சிட்டிருக்கேன்டா!"

"நீ ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீயாக் கண்டுபிடிப்பேன்னு பாத்தேன். நீ எழுத்து சின்னதா இருக்குதுன்ன."

அவன் எழுந்து போனான். வாக்குவாதத்தில் அவன் பாதியில் எழுந்து போவது அபூர்வம், பெரும்பாலும் நான்தான் போவேன். சார்ஜில் கிடந்த தன் போனை எடுத்து வந்து, ஆப்பைத் திறந்து என் கையில் கொடுத்தான்.

குப்பை. நான் அழித்துக்கொண்டே இருந்த அதே குப்பை. 'நாளை: தேனு தலைக்குக் குளிப்பாள்.' 'திங்கள்: பல்லடத்தில் மோட்டார்.' 'புதன்: மாவு அரைக்கணும்.' தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, ஒரு நாள்கூடக் காலி இல்லை. பொங்கல் வரைக்கும் போகிறது. அதற்கு மேல் போட ஆப்பில் இடம் கிடையாது, அந்த வரம்பை வைத்தது நான்.

"நீ அழிக்க அழிக்க நான் ஏன் போட்டேன்னு நெனச்ச?"

நான் போனை மேஜையில் வைத்தேன்.

"எழுதுறப்பத் தெரியல தேனு. சத்தியமா வெறும் வரியாத்தான் எழுதினேன். என் போன்ல மொத தடவ தெறந்தப்பத்தான்... பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தேன். அப்பறம் அது வராத மாதிரி எதையாச்சும் போட்டுட்டே இருந்தேன்."

"மாத்துன்னு சொல்லிருக்கலாம்ல?"

"ஏன்னு கேப்ப. என்னன்னு சொல்றது?"

எனக்குக் கோபம் போகவில்லை. அழுகை வந்தது, கோபமும் அப்படியே இருந்தது. ஒரே வீட்டில், ஒரே வரிக்குப் பயந்து, நான் கட்டை விரலால் மறைத்திருக்கிறேன், இவன் சிலிண்டரால் மறைத்திருக்கிறான். அந்த அம்மாள் யாரென்றே தெரியாது, ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டு உள்ளதை நாலு வரியில் சொல்லிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது இன்றைக்குத்தான். பங்குனியில் அவன் ஆஸ்பத்திரிப் பில் கட்டும் வரிசையில் நின்றிருந்தான், நான் உள்ளே படுத்திருந்தேன்.

"அந்தக் காதுகுத்துப் பத்திரிகைய மைக்ரோவேவ் அடியில..." என்று ஆரம்பித்தான்.

"அத விடு" என்றேன். விட்டுவிட்டான்.

ஆகஸ்ட் 31

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வரிக்குப் போனது. சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"விரைவில் நல்லது நடக்கும்?" என்று ஆரம்பித்தான் பூபதி.

"பெரியம்மா குரல்ல கேக்குது. வேண்டாம்."

"இங்கே எதுவும் சேர்க்கப்படவில்லை?"

"கரண்ட் பில்லு மாதிரி இருக்குது."

"எதுவுமே போட வேண்டாம். காலியா விட்ரலாம்."

"காலியா விட்டா ஆப்பு வேலை செய்யலைன்னு நெனைப்பாங்க. ஏதாச்சும் சொல்லணும்."

மத்தியானம் வரைக்கும் அடித்து அடித்து எழுதினோம். எனக்குப் பசி எடுத்தது, கோபமும் வந்தது. "விசேஷம் இல்லைன்னா என்னதான் அர்த்தம்? எங்கியும் கெளம்ப வேண்டாம், பட்டுச் சேலை கட்ட வேண்டாம், ஒறம்பரை, சொந்தக்காரங்க மூஞ்சில முழிக்க வேண்டாம், அவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்ல வேண்டாம். நிம்மதியா வீட்ல கெடக்கலாம். அதுதானே?" என்று கத்தினேன்.

பூபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அதேதான்" என்றான்.

'இன்று எங்கும் போக வேண்டாம். வீட்டில் இருக்கலாம்.'

நடுத்திரைக்கு ஏற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். கறுப்பே கொடுத்தேன். இரண்டு வரியில் உட்கார்ந்தது. புதுப் பதிப்பை அனுப்பிவிட்டு, அந்த அம்மாளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தோம். பூபதியை எழுதவிடவில்லை. நானே எழுதினேன்: 'மாற்றிவிட்டோம். அந்த வரியை எழுதியவர்களுக்கும் கல்யாணமாகி ஆறு வருடம். எங்களுக்கே முதலில் தெரிந்திருக்க வேண்டும்.' பேட்டிக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்தால் பார்க்கட்டும்.

செப்டம்பர் 4

அம்மா போன். "ஏங்கண்ணு, உன்ற செல்லு இன்னைக்கி எங்கியும் போக வேண்டாம்னு கொட்ட எழுத்துல சொல்லுது. நான் சந்தைக்குக் கெளம்பி நின்னேன். என்னமோ ஏதோன்னு செருப்பக் கழட்டிட்டு உக்காந்துட்டேன். ஏதாச்சும் கலவரமா?"

"அதெல்லாம் இல்லம்மா. விசேஷத்துக்குப் போக வேண்டாம்னு அர்த்தம்."

"அப்பச் சந்தைக்குப் போலாமா?"

"போலாம்."

"அடப் போ. காப்பி வெச்சுட்டேன். இன்னைக்கி இருந்துக்கறேன்."

பூபதி இதை நாலு பேரிடம் சொல்லிவிட்டான். மோட்டார் கடையில் அதைக் கேட்டே இரண்டு பேர் ஆப்பைப் போட்டார்களாம்.

செப்டம்பர் 9

ஃப்ரிட்ஜிலிருந்து ஊசி டப்பாவை எடுத்தேன். எப்படி எங்கே போடுவது என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டு, பூபதி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அம்மா விட்டுப்போன சேலை மட்டும் பீரோவில் இருக்கிறது. இருக்கட்டும். அதைப் பற்றி முடிவு செய்யவில்லை.

செப்டம்பர் 11

சத்தியபாமா தன் விமர்சனத்தை மாற்றியிருக்கிறார். பழசெல்லாம் எடுத்துவிட்டு ஒரே வரி: 'இப்ப இருக்கலாம். நான் ஆப்பைச் சொன்னேன்.'

நட்சத்திரம் அதே ஒன்றுதான். அதை மாற்றவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டா அஞ்சாக்கிருவாங்க தேனு. நான் பக்குவமாக் கேக்கறேன்."

"கேட்டின்னா உன்னோட போன ஊறுகா ஜாடிக்குள்ள போட்டுருவேன்."

கேட்கவில்லை. அவன் போனை வாங்கிப் பார்த்தேன். பொங்கல் வரைக்கும் போட்டு வைத்திருந்ததையெல்லாம் அவனே அழித்திருக்கிறான். ஒன்றை மட்டும் விட்டிருந்தான். 'ஞாயிறு: பூபதி பஜ்ஜி போடுவான்.'

செப்டம்பர் 14

குன்னத்தூர் பெரியம்மாவின் அடுத்த பேரனுக்குப் பெயர் வைக்கிறார்கள். இந்தத் தடவையும் நேரில் வந்து அழைத்தார். ஆப் பத்து நாளுக்கு முன்னாலும் நேற்றும் சரியாக ஞாபகப்படுத்தியது, மறந்துவிட்டோம் என்று சொல்ல வழியில்லை. காலையில் நானே பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். "பெரியம்மா, இன்னைக்கி எனக்கு வர முடியலைங்க. மனசு ஒத்து வர்லீங். இன்னொரு நாள் வந்து கொழந்தையப் பாக்கறேன்" என்றேன். "சரி சாமி. வீட்ல இரு" என்றார்.

பூபதி நிஜமாகவே பஜ்ஜி போட்டான். முதல் ஈடு கருகிவிட்டது.

எங்கும் போகவில்லை.